திருத்தி வந்த விடைத்தாளை வைத்து நுண்கணிதம் படிப்பது எப்படி?

மதிப்பெண்ணைப் பார்த்ததும் விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிடுவோம். நானும் அப்படித்தான். பிளஸ் டூ அரையாண்டில் நுண்கணிதம் காலை வாரிவிட்ட பிறகுதான், மதுரை புதுமண்டபத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். (புத்தகக் கடைகள் அப்போது அங்கேதான் இருந்தன.) தப்புகளுக்கென்றே தனி நோட்டு.

முதல் வேலை: தப்பான கணக்கைப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். சரியாக வந்தால் தேர்வில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். வராவிட்டால் பாடமே பிடிபடவில்லை, புத்தகத்துக்குத் திரும்புங்கள். கைடில் விடையைப் படித்துவிட்டு 'ஓ, இவ்வளவுதானா' என்று நகர்வது வேண்டாம்.

அடுத்து, எந்த வரியில் தடம் மாறியது என்று தேடுங்கள். என் நோட்டின் முதல் பக்கக் கணக்கு இது: 2x(x²+1)³ என்பதை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். u = x²+1 என்று பிரதியிட்டேன். தொகையிட்டால் u⁴/4. அதுவரை சரி. எல்லைகளை மாற்றாமல் 0, 1 என்றே போட்டு 1/4 என்று முடித்துவிட்டேன். x 0 என்றால் u 1, x 1 என்றால் u 2. விடை (16−1)/4, அதாவது 15/4.

பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. 'பிரதியிட்ட கையோடு புது எல்லையை எழுது' என்று எழுதுங்கள். சரிபார்க்கும் வழியையும் சேர்த்து எழுதுங்கள்: x 0.5 ஆகும்போதே சார்பின் மதிப்பு 1.95, அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். தொகை என்பது வளைவரைக்குக் கீழுள்ள பரப்புதானே. பின்பாதிப் பரப்பே 0.9-ஐத் தாண்டுகிறது, மொத்தம் எப்படி 1/4 ஆகும்?

தொகையிட்ட பின் மாறிலி c-ஐ விடுவது, சங்கிலி விதியில் உள்சார்பை வகையிட மறப்பது போன்றவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதும்.

அப்புறம், மூன்று நாள் கழித்து எண்ணை மாற்றி அதே கணக்கு. எனக்கு எல்லை மாற்றுவது மூன்றாம் தடவைதான் கைக்கு வந்தது. நேரம் குறைவென்றால் ஐந்து மதிப்பெண் கணக்குகளில் தொடங்குங்கள்: பிளஸ் டூ கணிதத் தாளின் 90 மதிப்பெண்ணில் 35 அங்கேதான், படிக்குப் படி மதிப்பெண்ணும் உண்டு.

தேர்வன்று காலை பஸ்ஸில் கைடு வேண்டாம், இந்த நோட்டு மட்டும். நின்றுகொண்டே புரட்டிவிடலாம்.