“என்ன பிரிவு?” என்று கேளுங்கள்: அரசியல்வாதி மீதான வழக்கைப் பற்றி வாதாடுவது எப்படி

அரசியல்வாதி மேல் வழக்கு என்றாலே நம் வீடுகளில் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும். “எல்லாம் பழிவாங்கல்” என்பார் ஒருத்தர், “நெருப்பில்லாமல் புகையுமா” என்பார் இன்னொருத்தர். இரண்டுமே சட்ட வாதம் இல்லை. வழக்குப் போட்டவரின் நோக்கம் கெட்டதாகவே இருந்தாலும் குற்றச்சாட்டு நிற்கலாம், நல்ல எண்ணத்தில் போட்ட வழக்கு பிரிவு பொருந்தாமல் விழவும் செய்யலாம். அதனால் வாயைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்ன பிரிவு?

குற்றப்பத்திரிகையிலோ தீர்ப்பின் முதல் சில பக்கங்களிலோ அது இருக்கும். ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், இதை வைத்து சண்டை போடாத டீக்கடை தமிழ்நாட்டில் இருக்காது. முக்கியப் பிரிவு 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(1)(இ). சம்பவக் காலத்தில் இருந்த வாசகத்தைப் படியுங்கள், 2018 திருத்தத்தில் அது மாறிவிட்டது. படித்துவிட்டு துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். அவர் பொது ஊழியராக இருக்க வேண்டும். பதவிக்காலத்தில் அவரிடமோ அவர் சார்பில் வேறு ஒருவரிடமோ சொத்து இருக்க வேண்டும். அது தெரிந்த வருமானத்துக்கு மிஞ்சியதாக இருக்க வேண்டும். அதற்கு அவரால் சரியான கணக்குக் காட்ட முடியாமல் போக வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிப் பிரித்த உடனேயே பாதிச் சண்டை காலி. “யார்கிட்ட லஞ்சம் வாங்கினாங்க, காட்டு பார்ப்போம்” என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி, ஆனால் இந்தப் பிரிவுக்கு அது தேவையே இல்லை. “முதல்வர் அரசு ஊழியரா?” என்ற கேள்விக்கு கருணாநிதி வழக்கிலேயே 1979ல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: முதலமைச்சரும் பொது ஊழியர்தான். (இரண்டு கட்சிக்காரர்களும் கவனிக்க.) “சசிகலா எந்தப் பதவியிலும் இல்லையே?” உடந்தையாக இருந்ததற்கு இந்திய தண்டனைச் சட்டம் 109, கூட்டுச் சதிக்கு 120பி. தனி ஆட்களையும் இப்படிச் சேர்த்து விசாரிக்கலாம் என்று 1999லேயே தீர்ப்பு வந்துவிட்டது. “வருமான வரி கட்டியாச்சே” என்பதும் போதாது, வரி கட்டியதாலேயே பணம் வந்த வழி நேர்மையானதாகிவிடாது. உண்மையான மோதல் இருந்தது வேறு இடத்தில்: மற்றவர்கள் பெயரில் இருந்த சொத்து இவருடையதுதானா, வருமானம் எவ்வளவு?

அதனால் கால்குலேட்டரை எடுங்கள். 2015 மே 11ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தபோது, வருமானம் 34.76 கோடி, மிஞ்சியது 2.82 கோடி, அதாவது வருமானத்தில் 8.12 சதவீதம் என்றது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்பதற்கு 1977ல் வந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள், அந்த வழக்கில் மிஞ்சிய தொகையே சுமார் 11,000 ரூபாய்தான். ஆனால் வருமானமாகச் சேர்த்திருந்த கடன்களின் பட்டியலைத் தீர்ப்பில் பார்த்து வரிசையாகக் கூட்டினால் 10.67 கோடி வருகிறது, அங்கே அச்சாகியிருந்ததோ 24.17 கோடி! 13.50 கோடி வித்தியாசம். அதைச் சரிசெய்தால் வருமானம் 21.26 கோடி, மிஞ்சியது 16.32 கோடி, சதவீதம் 76ஐத் தாண்டுகிறது. இந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை எந்தக் கோஷமும் ஒன்றும் செய்ய முடியாது.

எதிர்ப்பக்கத்துக்கும் பயிற்சி எடுங்கள், அதற்கு டான்சி வழக்குதான் சரி. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனம் வாங்கியது, பார்த்தாலே தப்பாகத் தெரியும். வைத்த பிரிவுகளில் ஒன்று இந்திய தண்டனைச் சட்டம் 169, பொது ஊழியர் வாங்கக் கூடாது என்று சட்டம் தடுத்த சொத்தை வாங்குவது. எந்தச் சட்டம் தடுத்தது என்று தேடினால் கிடைத்தது அமைச்சர்களுக்கான நடத்தை விதி, அதற்கோ சட்ட பலம் இல்லை. 2003ல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது, கூடவே அவருடைய மனசாட்சியைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னது. “தப்பு” வேறு, “குற்றம்” வேறு என்று யாருக்காவது புரியவைக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கடைசியாக, வழக்கு இன்று எந்த நிலையில் நிற்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். 2017 பிப்ரவரி 14ல் சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் விடுதலையை ரத்து செய்து, சசிகலா, உடன் குற்றம் சாட்டப்பட்ட இளவரசி, சுதாகரன் மூவருக்கும் விசாரணை நீதிமன்றம் கொடுத்திருந்த தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ல் இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போனது. “உச்ச நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தது” என்றாலும் பிழை, “நிரபராதி என்றது” என்றாலும் பிழை.