வெங்காயம், பூண்டு இல்லாமல் கொஞ்ச நாள்: எலிமினேஷன் டயட்டை வீட்டில் செய்யும் முறை

எங்கள் வீட்டுக்காரருக்கு மதியச் சாப்பாடு முடிந்தால் போதும், வயிறு உப்பிக்கொள்ளும், இழுத்துப் பிடிக்கும், அப்புறம் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின் மருத்துவர் ஐ.பி.எஸ். (IBS, குடல் எரிச்சல் நோய்க்குறி) என்று சொல்லி, ஓர் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவர் கொடுத்தது லோ ஃபாட்மேப் என்ற எலிமினேஷன் டயட், அதாவது சில உணவுகளைக் கொஞ்ச நாள் விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிக்கும் முறை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதை மதுரையில், மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிற ஒரு சமையலறையில் எப்படி நடத்தலாம் என்பதைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கோதுமையை நிறுத்தியபின் எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். ஒரு பொருளைச் சாப்பிட்டதும் உதடு வீங்குவது, மூச்சு திணறுவது எல்லாம் ஒவ்வாமை. அந்தப் பொருளை வீட்டில் ஒருபோதும் சோதித்துப் பார்க்கக் கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

சரி, இதில் விலக்குவது எதை? ஃபாட்மேப் எனப்படும், குடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகைச் சர்க்கரைகளை. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான், பருப்பு, பயறுகளில் இருக்கும் இன்னொரு வகை, பாலில் இருக்கும் லாக்டோஸ், மாம்பழம், தேனில் இருக்கும் கூடுதல் ஃப்ரக்டோஸ், காளான், காலிஃபிளவரில் இருக்கும் மானிட்டால். இவை பெருங்குடல்வரை போய் அங்கே நொதித்து வாயுவாகின்றன. ஃப்ரக்டானை யாருடைய குடலாலும் செரிக்க முடியாது, ஆனால் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்த வாயு வலியாகிறது. “பூண்டு வாயுவைப் பிரிக்கும்னுதானே கொடுக்கிறோம்?” என்று அத்தை கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பூண்டு தொடரட்டும், இவருக்கு மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம் என்றதும் ஒத்துக்கொண்டார்.

விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம். கல்யாணமும் விசேஷமும் வரிசைகட்டி நிற்கும் மாதத்தில் தொடங்காதீர்கள்.

நம் சமையலில் பெரிய சிக்கல் குழம்புதான். “வெங்காயத்தை ஒதுக்கிட்டு குழம்பை மட்டும் ஊத்திக்கோயேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். அது உதவாது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பில் இறங்கிவிடும். ஆனால் எண்ணெயில் கரையாது, அதுதான் நமக்குக் கிடைத்த வழி. நல்லெண்ணெயைச் சூடாக்கி, உரித்த பூண்டுப் பற்களை முழுசாகப் போட்டு, சிறுதீயில் ஓரம் பொன்னிறமாகும்வரை விடுங்கள். பிறகு ஒரு பல் விடாமல் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். தண்ணீரோ தக்காளியோ சேரும் முன் பூண்டு வெளியே வந்திருக்க வேண்டும். வாசம் அப்படியே இருக்கும். இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்யுங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே வைத்திருந்தால் போட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நச்சு உருவாகலாம். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம். வெள்ளைப் பகுதி வேண்டாம்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் நுழைபவை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். ஃபில்டர் காபிப் பொடியில் சிக்கரி இருக்கும். சிக்கரி வேரில் நிறைய இருக்கும் இனுலினும் ஃப்ரக்டான் வகைதான், அதனால் சிக்கரி கலக்காத பொடி. ரவை, சேமியா இரண்டும் கோதுமை என்பது ரவா தோசை கேட்கும் நேரத்தில் மறந்துபோகும். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, குருமாவில் அரைக்கும் முந்திரி, சிப்ஸ் மசாலாவில் இருக்கும் வெங்காயத் தூள் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் வரும்.

இவ்வளவு போனால் மிச்சம் என்ன என்று பயப்பட வேண்டாம். சோறு, இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கு, கேரட், கத்திரிக்காய், வெண்டைக்காய், பீன்ஸ், வெள்ளரிக்காய், முட்டை, மீன், கோழி, நெய், தேங்காய்ச் சட்னி (பொட்டுக்கடலை சேர்க்காமல்), பப்பாளி, ஆரஞ்சு எல்லாம் உண்டு. காய்களுக்கும் அளவு இருக்கிறது, ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். இஞ்சி, மிளகு, சீரகம் தாராளமாக. எங்கள் வீட்டில் பருப்பில்லாத எலுமிச்சை ரசம்தான் கைகொடுத்தது. தயிர் இல்லாமல் இவருக்குச் சாப்பாடு முடியாது. லாக்டோஸ் நீக்கிய பாலை வாங்கிக் காய்ச்சி, ஒரு சொட்டு உறை ஊற்றினேன். வழக்கம்போலவே உறைந்தது.

தனித்தனியாக இரண்டு சமையல் செய்து ஓய்ந்துபோகாதீர்கள். எல்லோருக்கும் சேர்த்து வெங்காயம் போடாமல் காயை வேகவைத்து, இவருடைய பங்கை எடுத்துவைத்தபின் மீதியில் வதக்கிய வெங்காயத்தைக் கொட்டிவிடுவேன். கரண்டியை மட்டும் மாற்ற மறக்கக் கூடாது.

ஒரு நீள நோட்டு போடுங்கள். நேரம், சாப்பிட்டது, அளவு, வயிற்று வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், மலம் எப்படி, தூக்கம், மனக்கவலை. பெண்களாக இருந்தால் மாதவிலக்குத் தேதியும். காரத்தையும் காபியையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எதனால் மாறியது என்று தெரியாமல் போய்விடும். 6 வாரம் சரியாகச் செய்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் இந்த முறை உங்களுக்கானது இல்லை. பழையபடி சாப்பிட்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

மாற்றம் தெரிந்தால்தான் முக்கியமான வேலை தொடங்குகிறது. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வயிறு சரியாகிவிட்டது, எதற்கு வம்பு என்று வருடக்கணக்கில் சோறும் கேரட்டுமாக ஓட்டுகிறார்கள். பெருங்குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு உணவே இந்தச் சர்க்கரைகள்தான். அவற்றை நிரந்தரமாக நிறுத்துவது உடம்புக்குச் செய்யும் தீங்கு. எந்தப் பொருள், எந்த அளவு என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும்.

மற்ற சாப்பாடு விலக்கும் கட்டத்தில் இருந்தபடியே இருக்க, ஒரே ஒரு பொருளை 3 நாள் சோதிக்க வேண்டும். சின்ன வெங்காயம் என்றால் முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு மூன்று, மூன்றாம் நாள் வீட்டில் வழக்கமாகப் போடும் அளவு. தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு 2, 3 நாள் இடைவெளி விட்டு, வயிறு அமைதியானபின் அடுத்த பொருள். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் இருந்தாலும் மூன்றையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். பாலுக்கு ஒரு சுற்று, துவரம்பருப்புக்கு ஒரு சுற்று, மாம்பழத்துக்கு ஒரு சுற்று, காலிஃபிளவருக்கு ஒரு சுற்று. பிடித்தது ஒத்துக்கொண்டாலும் சோதனை எல்லாம் முடியும்வரை அதைத் தினமும் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள்.

இவருக்குப் பால் ஒன்றுமே செய்யவில்லை. எத்தனையோ வருடம் பாலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்! துவரம்பருப்பு, இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஒரு கரண்டி ஒத்துக்கொள்கிறது. ஒரு தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் அளவு வெங்காயச் சட்னியும் பரவாயில்லை. பூண்டு மட்டும் இரண்டாம் நாளே ஆளைப் படுக்க வைத்துவிட்டது. பரோட்டா ஒன்று சாப்பிடலாம், ஆனால் அன்றைக்குப் பருப்பும் வெங்காயமும் கூட வேண்டாம். தனித்தனியாக ஒத்துக்கொள்ளும் அளவுகள் ஒரே வேளையில் சேரும்போது வயிறு தாங்குவதில்லை. ஒத்துக்கொள்ளாததற்கு நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டுவிடாதீர்கள். சில மாதம் கழித்து, சின்ன அளவில் மறுபடி சோதித்துப் பாருங்கள். குடலின் தாங்கும் திறன் மாறக்கூடியது.