சேர்பொருள் பட்டியலில் மறைந்திருக்கும் மரபணு மாற்றம்
மரபணு மாற்றப்பட்ட பயிர்கள் முழுத் தானியமாக நம் சமையலறைக்குள் வருவதைவிட, சோயா லெசித்தின் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க உதவும் பொருள்), மால்டோடெக்ஸ்ட்ரின் (மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள்), மக்காச்சோளச் சர்க்கரைப்பாகு போன்ற பெயர்களில் பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் கலந்து வருவதே அதிகம் என்பதால், உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்பொருள் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். சாக்லேட் உறையில் 322 என்ற எண் மட்டும் இருந்தாலும் அது லெசித்தினே. சோயாவிலிருந்து மட்டுமல்லாமல் சூரியகாந்தியிலிருந்தும் அதை எடுப்பதுண்டு என்பதால், மூலம் எதுவென்று தயாரிப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். 'மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச்' என்ற சொல்லைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். அது மாவுப்பொருளின் தன்மையை மாற்றியதைக் குறிக்கிறதே தவிர, மரபணு மாற்றத்தை அல்ல. நன்கு சுத்திகரித்த சோயா, கனோலா (கடுகு இனத்து எண்ணெய்வித்து), பருத்திவிதை எண்ணெய்களில் மரபணுப் பொருள் ஏறக்குறைய எஞ்சாததால் ஆய்வகச் சோதனையும் பெரும்பாலும் கைகொடுக்காது. அங்கே, மரபணு மாற்றப் பயிர்களை அனுமதிக்காத இயற்கை வேளாண் சான்று முத்திரையைப் பார்த்தே நான் வாங்குகிறேன்.