கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் சார்ட்டர் பள்ளி: பெற்றோர் எங்கே சறுக்குகிறார்கள்?

சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் 2006இல் அர்பன் பிரெப் என்ற சார்ட்டர் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும்) உயர்நிலைப் பள்ளி திறந்தது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர். 2010இல் படிப்பை முடித்து வெளியே வந்த முதல் அணியில் 107 பேர். அத்தனை பேருக்கும் நான்காண்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்த பையன் சிவப்பு டையைக் கழற்றிவிட்டு, சிவப்பும் தங்க நிறமுமாகக் கோடு போட்ட டையைக் கட்டிக்கொள்வது அந்தப் பள்ளி வழக்கம். நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தவர்கள் 107 பேரைவிடக் கணிசமாக அதிகம்.

அமெரிக்காவில் பள்ளி தேடும் நம் பெற்றோர் செய்யும் முதல் தவறே இந்த 'நூறு சதவீதம்' என்ற பேனரைப் பார்த்து மயங்குவது. நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை மிஞ்சியவர்களில்தான் நூறு சதவீதம். அப்புறம் இன்னொன்று: அமெரிக்காவில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் நிறைய உண்டு. கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழே (டிப்ளமோ) என்று நிபந்தனை போடும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே நூறு சதவீதம் வராமல் வேறென்ன வரும்?

கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பது. கிப் என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம் 1994இல் ஹூஸ்டனில் தொடங்கியது. 2011இல் அவர்களே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தங்கள் நடுநிலைப் பள்ளியை முடித்துப் பத்தாண்டுகளுக்கு மேலான முன்னாள் மாணவர்களில் 33 சதவீதம் பேர் நான்காண்டுப் பட்டம் முடித்திருந்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் நாடு தழுவிய அளவு அப்போது ஏறத்தாழ 8 சதவீதம்தான். அதோடு ஒப்பிட்டால் பெரிய சாதனை. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் முடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார்கள். எனக்கு இப்படிச் சொல்லும் பள்ளி மீதுதான் நம்பிக்கை வரும். நீங்கள் பார்க்கப் போகும் பள்ளியிடமும் கேளுங்கள்: ஆறு வருடம் முன்பு வெளியேறிய அணியில் எத்தனை பேர் பட்டதாரி? ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பன்னிரண்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? இடையில் காலியான இடங்களில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் அதுவும் பதில்தான்.

சரி, அடிப்படைக்கு வருவோம். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும், தனி நிர்வாகம் கொண்ட பொதுப்பள்ளி. முதல் சட்டம் மின்னசோட்டாவில் 1991இல் வந்தது; அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. படிப்புக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் நுழைவுத் தேர்வும் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் மாதிரித் தேர்வெழுதிச் சேரும் பள்ளிகளோடு இதைக் குழப்பிக்கொண்டு, 'என் பிள்ளைக்குக் கிடைக்காது' என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. குலுக்கலுக்கு மதிப்பெண் தெரியாது, தேதிதான் தெரியும். நியூயார்க்கில் பெரும்பாலும் ஏப்ரல் 1 கடைசி நாள். தவறவிட்டால் காத்திருப்புப் பட்டியலின் வால்தான். விசாவைப் பற்றிய கவலையும் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பொதுப்பள்ளியில் பிள்ளையை மறுக்கக் கூடாது என்பது 1982இலிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

சார்ட்டர் என்றால் ஒப்பந்தம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதே அர்பன் பிரெப்பின் சார்ட்டரை முடித்துக்கொள்ள 2022இல் சிகாகோ கல்வி வாரியம் வாக்களித்தது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. உங்கள் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது இப்படி நடந்தால்? அடுத்த புதுப்பிப்பு எந்த ஆண்டு என்று முன்பே பார்த்து வையுங்கள்.

ஒழுங்கு விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் வழக்கமான தவறு. நீண்ட பள்ளி நாள், சனிக்கிழமை வகுப்பு, சட்டையை உள்ளே விடாததற்கும் தண்டனை என்று சில பள்ளிகள் கறார். சிகாகோவின் நோபிள் பள்ளிகள் தண்டனையாக வகுப்பு முடிந்தும் பள்ளியில் நிறுத்திவைக்கப்படும் பிள்ளைகளிடம் 5 டாலர் அபராதமே வாங்கிக்கொண்டிருந்தன, 2014இல்தான் கைவிட்டன. சில பிள்ளைகள் இந்தக் கட்டுப்பாட்டில் மலர்வார்கள், சிலர் ஒடுங்கிப் போவார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஏபி வகுப்புகள் (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) எத்தனை என்று எண்ணுவதைவிட, தேர்வில் ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்பது நல்லது. வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கல்லூரியில் கிரெடிட் தரமாட்டார்கள்.

பணத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்து மிரண்டு, நல்ல இடத்தை விண்ணப்பிக்கும் முன்பே பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். உதவித்தொகை கழித்து உங்கள் கையிலிருந்து போவது எவ்வளவு என்பதே கணக்கு. ஒவ்வொரு கல்லூரி தளத்திலும் அதற்குக் கணிப்பான் இருக்கிறது. மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலர். இதற்கான ஃபாஃப்சா படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். அதில் கேட்பது இரண்டு வருடம் முந்தைய வருமானக் கணக்கு. அதாவது பத்தாம் வகுப்பின் நடுவில் தொடங்கி பதினொன்றின் நடுவில் முடியும் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் அந்த ஆண்டு கடந்துபோயிருக்கும். கிரீன் கார்டு இருந்தால் இந்த உதவிக்குத் தகுதி உண்டு. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கு உரியது) இருக்கும் பிள்ளைக்கு இல்லை. பள்ளிக் கவுன்சிலருக்கே இது சில சமயம் தெரிவதில்லை, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அட்மிஷன் கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. சேர்வதாக ஒப்புக்கொண்டும் இலையுதிர்காலத்தில் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் 10 முதல் 40 சதவீதம் வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் பணவசதி குறைந்தவர்களிடம் இது அதிகம். மனம் மாறியதால் மட்டும் அல்ல. விடுதி முன்பணம் கட்டவில்லை, எந்தக் கணித வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் தேர்வை எழுதவில்லை, கேட்ட வருமானச் சான்று அனுப்பவில்லை. பெற்றோரின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று படிவம் கொடுக்காததால் கல்லூரிக் காப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்து நிற்கும். எல்லாத் தகவலும் பிள்ளை திறந்தே பார்க்காத ஒரு மின்னஞ்சலில் கிடக்கும். பழைய பள்ளிக்குப் போன் செய்தால் விடுமுறை. அதனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் அன்றே கேட்டு வையுங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் எங்கள் போனை யார் எடுப்பார்கள்?