நூல் கடிக்கும் பல்லும் தாடை மூட்டு வலியும்

திருப்பூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரும் தையல்காரர்களிடம், "நூலை எதால் அறுக்கிறீர்கள்?" என்று கேட்காமல் விடமாட்டேன். பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், உட்காருகிறவர்கள் பலருக்குப் பல்தான் கத்தரி. முன்பற்கள் நுனியோடு நுனி சேர, கீழ்த்தாடை முன்னால் நகர்ந்தாக வேண்டும். காதுக்கு முன்னாலுள்ள மூட்டும் கூடவே வழுக்கி வருகிறது. எப்போதாவது என்றால் பரவாயில்லை. ஷிப்ட் முழுக்க இதே வேலை என்றால் மூட்டும் தசையும் என்ன செய்யும்?

வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். இரு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். அங்கே அழுத்தினால் வலித்தாலோ, பல்லைக் கடிக்கும்போது கன்னத் தசை நொந்தாலோ, தாடையைச் சந்தேகிக்கலாம். தயவுசெய்து காது வலி என்று நினைத்துக் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். வலியில்லாமல் 'டக்' என்று சத்தம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம்.

நகம் கடிப்பது, ஓயாமல் சூயிங்கம் மெல்லுவது, தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்துச் செல்போன் பார்ப்பது எல்லாமே மூட்டுக்குச் சுமைதான். ஆனால் நான் அதிகம் பார்ப்பது, வேலை மும்முரத்தில் தன்னை அறியாமல் பல்லோடு பல்லை அழுத்திக்கொண்டிருப்பதை. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடத் தேவையே இல்லை. கேட்டால் எல்லோரும் "நான் கடிப்பதில்லை டாக்டர்" என்றுதான் சொல்வார்கள்.

அதற்கு என் வைத்தியம் ஸ்டிக்கர் பொட்டு. தையல் மெஷின் தலையில் ஒன்று, செல்போனின் பின்புறம் ஒன்று, அடுப்படிச் சுவரில் ஒன்று ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று கவனியுங்கள். தொட்டால், 'ன்' என்று சொல்லி நாக்கு நுனியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், மூக்கால் மூச்சு விடுங்கள். பொட்டு கண்ணுக்குப் பழகிவிட்டால் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது சுவரோடு சுவராகிவிடும்.

வலி இருக்கும் நாட்களில் வெந்நீரில் பிழிந்த துணியால் கன்னத்தில் 15 நிமிடம், தினம் இரண்டு வேளை ஒத்தடம். இரண்டு வாரத்துக்கு இட்லி, குழைந்த பருப்புச் சாதம். முறுக்கும் பரோட்டாவும் பிறகு. கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையை வைத்துத் தாங்குங்கள். கத்தரியை மெஷினிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், தேட வேண்டியிருந்தால் கை வாய்க்குத்தான் போகும்.

தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்குப் பொட்டு உதவாது. காலையில் தாடை இறுகி எழுந்தால், பல்லில் மாட்டிக்கொண்டு தூங்க அளவெடுத்துச் செய்யும் இரவு உறை தேவையா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். பழக்கம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன்: பழைய அடி, மூட்டு வாதம், மன உளைச்சல் ஆகியவையும் உண்டு.

பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் மூன்று விரல்களை அடுக்கிச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டாலும் எரிகிறது என்றால் அது மூட்டுக் கோளாறாக இல்லாமல் பாக்கால் வாயின் உட்சவ்வு இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது. பாக்கை அன்றே நிறுத்திவிட்டு வாயைக் காட்டுங்கள். திறந்த வாய் மூட முடியாமல் மாட்டிக்கொண்டால் வீட்டில் யாரும் தள்ளிப் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நடக்கும்போது தாடை வலியோடு நெஞ்சும் இறுகினால் பல் மருத்துவரிடம் வராதீர்கள், 108-ஐ அழையுங்கள்.