‘செட்டில்டு’ என்று ஒரு சொல்

வீட்டுக் கடன் கேட்டுப் போனபோதுதான் என் சிபில் மதிப்பெண் வெறும் 631 என்று தெரிந்தது. (நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பதிவு வைத்து மதிப்பெண் போடும் நிறுவனம்தான் சிபில்.) பைக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லையே என்று சிபில் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன் (வருடத்துக்கு ஒரு முறை இலவசம்). பழைய கிரெடிட் கார்டுக்கு எதிரே ‘செட்டில்டு’ என்றிருந்தது. வேலை போன சமயத்தில் 38,000 ரூபாய் பாக்கிக்கு 22,000 கட்டினால் போதும் என்றார் வசூல்காரர். கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். தள்ளுபடி என்று நான் நினைத்த 16,000, ‘முழுசாகக் கட்டாமல் பேசி முடித்த கடன்’ என்ற பொருளில் அறிக்கையில் கறையாக உட்கார்ந்துவிட்டது.

சிபிலில் புகார் போட்டேன், பயனில்லை. கார்டு கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டால்தான் அவர்கள் எதையும் திருத்த முடியும். சரி, வங்கிக்கே போனேன். மீதியைக் கட்டினால் ‘குளோஸ்டு’ (முழுசாகக் கட்டி முடித்தது) என்று மாற்றுவதாக முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வாய் வார்த்தையை நம்பிப் பட்டது போதாதா? அப்புறம்தான் பணம், நிலுவையில்லாச் சான்று, மறுபடி புகார். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதியையும் மெயிலில் குறிப்பிட்டேன்.

24ஆம் நாள் மாறியது. மதிப்பெண்தான் அசையவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், 724.