எண்ணெய் பாட்டிலில் தேதி எழுதுங்கள்

உடம்பு குறைய என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் எங்கள் அத்தையிடம் ஒரே பதில்தான்: "வாயைக் கட்டும்மா." மொரீஷியஸில், எங்கள் ரோஸ் ஹில் ஊரில், முக்குக்கு முக்கு தால் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வண்டி நிற்கும்போது அது அவ்வளவு லேசா? நான் வாயை விட்டுவிட்டுக் கடைக்கூடையைப் பிடிக்கச் சொல்வேன்.

முதலில் வயிற்றை அளந்துகொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, இரண்டாக மடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுங்கள். முனைகள் தொடாவிட்டால் வயிறு கூடுதல். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது (வீட்டுக்காரர்களைக் கண்காணியுங்கள்). டேப் இருந்தால், நம் இந்திய வம்சாவளியினருக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பதுதான் எல்லை. கை கால் ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்வது நம் ஆட்களிடம் சகஜம். அதனால் எடை மெஷினை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். புதுப் பாட்டிலைத் திறக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். தீர்ந்ததும் கணக்குப் போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் பத்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்கு மேல். காத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை) பொரித்த வாரம் இன்னும் ஏறும். அடுத்த பாட்டில் பதினைந்து நாள் வரவேண்டும் என்று வைத்துக்கொண்டு, தாளிக்கக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பாட்டிலைச் சாய்த்தால் கணக்கு போச்சு.

எண்ணெயில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? 1987-இல் மொரீஷியஸ் அரசு ரேஷன் எண்ணெயில் பாமாயிலைப் பெருமளவு எடுத்துவிட்டுச் சோயா எண்ணெயைச் சேர்த்தது. ஐந்து வருஷத்தில் ஜனங்களின் கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியது. அதற்காக யாரும் விரதம் இருக்கவில்லை. அதே காலத்தில் உடல் பருமன் ஏறியதும் உண்மை. எண்ணெயின் வகை மாறியதே தவிர அளவு நம் கையில்தான் இருந்தது. அதற்கும் முன்னால், 1940-களின் கடைசியில் மருந்தடித்து மலேரியாவை ஒடுக்கியபோதும் இந்தத் தீவில் ஆயுள் கூடியது. கொசுவை ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் விட்டுவிடவில்லை. இன்று ஆயுளைக் கடிப்பது சர்க்கரையும் இதய நோயும். அதற்கு மட்டும் "உன் வாய், உன் பொறுப்பு" என்றால் எப்படி? சமையலறை வரைக்கும் அரசாங்கம் நாம்தான். கடையில் ஒருமுறை எடுக்கும் முடிவு வீட்டில் எல்லோர் வயிற்றுக்கும் சட்டம்.

கூல்டிரிங்க்ஸ் இரண்டு லிட்டர் வாங்காதீர்கள். 2013 முதல் அதிலுள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி வேறு கட்டுகிறோம். விருந்தாளிக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

தால் பூரியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஜோடியாகத்தான் தருவார்கள்; அதை மத்தியானச் சாப்பாடாகவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி சோற்றில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

காவடி விரதத்தில் இளைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: மீனும் கறியும் இல்லையே தவிர, பொரியலும் பாயசமும் வந்துவிடுகின்றன. சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைக்காமல், பட்டினி கிடக்காமல், முதலில் டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.